கொறங்காட்டில் நின்ற கம்பம்

2014 தை மாதக் கடைசியில், திருப்பூர்ப் பக்கத்து நூற்பாலை உரிமையாளர் ஒருவர் கோவையில் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒரு கவரை மேஜைமேல் கவிழ்த்தார். இருபது முப்பது புகைப்படங்கள் விழுந்தன. அத்தனையும் தென்னை மரங்கள்.

"இந்த மரத்தையெல்லாம் வெட்டச் சொல்லி ஒரு ஆர்டர் வாங்கிக் குடுங்க வக்கீலய்யா. எங்காத்த மறிக்குதுங்க."

உடுமலைப்பேட்டைக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் அவருக்கு நான்கு காற்றாலைகள். ஊர்க்காரர்கள் வாயில் அது 'காத்தாடி'. அங்கே உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவந்து மில் மீட்டரில் கழித்துக்கொள்ளும் ஏற்பாடு. கொங்கு வட்டாரத்து மில்காரர்களுக்கு இது புதிதல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும் பாதையில் பூமி வாங்கிக் காத்தாடி நட்டவர்கள் நிறையப் பேர். இவருடைய நான்கும் 2012 மார்ச்சில் ஓடத் தொடங்கின. இரண்டு சீசன் முடிந்துவிட்டது. விற்றவர்கள் எழுதிக் கொடுத்த யூனிட் கணக்கில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு துண்டு விழுந்தது. மேற்கே பக்கத்துக்காரர் தோப்பு. காற்று வருவதும் மேற்கிலிருந்து. ஆகவே குற்றவாளி தென்னை என்பது அவர் தீர்ப்பு.

"என் பூமிக்கு வர்ற காத்து எனக்குச் சொந்தமில்லீங்களா?"

இல்லை என்றேன். 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் 17ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. ஒரு கட்டடத்துக்குள் இருபது வருஷமாகத் தடையில்லாமல் வந்துகொண்டிருந்த வெளிச்சத்தையும் காற்றையும் பக்கத்து வீட்டுக்காரர் மறைத்தால் வழக்குப் போடலாம். ஆனால் திறந்தவெளி நிலத்துக்குக் காற்று வரும் உரிமையை எத்தனை வருஷ அனுபவத்தாலும் சம்பாதிக்க முடியாது. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே, 1861இல், இங்கிலாந்தில் வெப் எதிர் பேர்ட் என்ற வழக்கில் காற்றாலைக்காரர் ஒருவர் இதே கேள்வியோடு நீதிமன்றத்துக்குப் போனார். அது மாவு அரைக்கும் ஆலை. பக்கத்தில் பள்ளிக்கூடக் கட்டடம் எழும்பியதில் இறக்கைக்குக் காற்று தட்டியது. அவரும் தோற்றுத்தான் திரும்பினார்.

மில்காரருக்கு இது சமாதானமாகவில்லை. நான் வேறு வழியில் போனேன்.

"உங்க காத்தாடி எத்தனை உயரமுங்க?"

"கோபுரம் எண்பது மீட்டருங்க."

"தென்னை?"

யோசித்தார். "பதினஞ்சு இருக்குமுங்க."

இருவரும் சிரித்தோம். எண்பது மீட்டரில் சுற்றுவதைப் பதினைந்து மீட்டர் மரம் எப்படி மறிக்கும்? அந்தச் சிரிப்புக்கு ஒன்றரை வருஷம் கழித்து ஒரு நிபுணர் எனக்குப் பதில் சொன்னார். அதுவரை தென்னையை நான் மறந்தே போனேன்.

பக்கத்துக்காரரை விட்டுவிட்டு விற்ற நிறுவனத்தின் பக்கம் திரும்பினேன். ஒப்பந்தம், பூமிப் பத்திரங்கள், வங்கிக் கடிதங்கள், காற்று ஆய்வு அறிக்கை என்று இரண்டு பெட்டி காகிதம். அதில் மில்காரர் ஆயிரம் தடவை எடுத்துப் பார்த்துக் கசங்கிப்போன ஒரே ஒரு தாள் இருந்தது. விற்பனைப் பிரிவு கொடுத்த தாள். ஆண்டுக்கு ஒரு காத்தாடிக்கு இத்தனை லட்சம் யூனிட் என்று ஒரே ஒரு எண், தடித்த எழுத்தில்.

"இதைப் பார்த்துத்தான் வாங்குனீங்களா?"

"வேறென்னத்தைங்க பார்க்கறது? மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள ஓட்டணும்னு ஆடிட்டர் கழுத்தில உக்காந்திருந்தாரு."

அந்தத் தேதிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. காற்றாலை வாங்கினால் முதல் வருஷமே பெரும்பகுதி விலையைத் தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்போது விகிதம் 80 சதவீதம். 180 நாளுக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதி. அந்தச் சலுகை 2012 ஏப்ரல் 1 முதல் நிறுத்தப்பட்டது; 2014 ஜூலையில் திரும்ப வந்தது, 2017இல் 40 ஆகக் குறைந்தது. ஆக 2012 மார்ச் கடைசி என்பது கல்யாண முகூர்த்தம் மாதிரி. அதற்குள் இறக்கை ஒரு சுற்றாவது சுற்றியாக வேண்டும். மாப்பிள்ளையை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை. காற்றை வாங்கினாரா, வரிக் கழிவை வாங்கினாரா என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிறகு கேட்டபோது, எனக்கே உள்ளூர அது நியாயமான கேள்வியாகப் பட்டது.

காற்று ஆய்வு அறிக்கையை நான் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். பி.யூ.சி. இயற்பியலோடு நின்றவன் நான். ஆனாலும் ஒன்று பிடிபட்டது. காற்றிலிருக்கும் ஆற்றல் வேகத்தோடு நேராக ஏறுவதில்லை, வேகத்தின் மும்மடியாக ஏறுகிறது. விநாடிக்கு 5 மீட்டர் காற்றுக்கு 125 என்றால் 6 மீட்டருக்கு 216. வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ஆற்றல் முக்கால் பங்கு கூடிவிடுகிறது. திருப்பிப் போட்டுப் பாருங்கள். வேகத்தைச் சொல்வதில் கொஞ்சம் கைதவறினால் யூனிட் கணக்கில் பள்ளம் விழும். இயந்திரத்துக்கு ஒரு உச்ச வரம்பு இருப்பதால் பலத்த காற்றில் இந்த மும்மடி முழுதாக வேலை செய்யாது. அதனால் பள்ளம் சற்றே ஆழம் குறைந்திருக்கும், அவ்வளவுதான்.

அளந்ததோ 50 மீட்டர் கம்பத்தில். கோபுரம் 80 மீட்டர். மேலே 30 மீட்டரை யாரும் அளக்கவில்லை, கணக்குப் போட்டார்கள். உயரம் கூடக்கூடக் காற்று எந்த விகிதத்தில் வேகமெடுக்கிறது என்பதற்கு ஓர் அடுக்கெண் உண்டு. கம்பத்தில் வெவ்வேறு உயரங்களில் கட்டிய காற்றளக்கும் கிண்ணங்களின் வேகத்தை ஒப்பிட்டு அதைக் கண்டுபிடிப்பார்கள். பிறகு அதை வைத்து மேலே ஏறுவார்கள்.

நான் அவசரப்பட்ட இடம் இதுதான். 'மோசடி' என்று எழுதினேன்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தவறான தகவலை நம்பி ஒப்பந்தம் செய்தவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், அவர் ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. மில்காரர் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர். இந்த விதிவிலக்கில் மாட்டிக்கொள்வார். பொய்யென்று தெரிந்தே சொன்ன மோசடியாக இருந்தால் அந்த விதிவிலக்கு குறுக்கே வராது. ஆகவே மோசடி என்றே வழக்கை நிறுத்துவோம் என்று முடிவு செய்தேன். ஒப்பந்தச் சட்டத்தில் மோசடியை வரையறுப்பதும் 17ஆம் பிரிவுதான். ஒரு 17 கைவிட்டாலும் இன்னொரு 17 கைகொடுக்கும் என்று ஜூனியர்களிடம் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒப்பந்தத்தில் நடுவர் ஷரத்து இருந்ததால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகவில்லை. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் தனி நடுவர். அமர்வுகள் சென்னையில். அதற்கு முன் அளந்த கம்பத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒருநாள் கிளம்பினேன்.

கம்பத்தை எப்போதோ கழற்றிவிட்டார்கள். அறிக்கையில் அட்சரேகை, தீர்க்கரேகை மட்டும் இருந்தது. அதைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டு மண்பாதையில் போனால், வண்டி நின்ற இடம் ஒரு கொறங்காடு. அந்தப் பக்கம் அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கொறங்காடு என்பது உழாத மேய்ச்சல் பூமி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடுகள் வளர்வது இந்தக் காடுகளில்தான். அக்கம்பக்கத்தில் தென்னை இல்லை. காத்தாடிகளும் இல்லை, அவை அங்கிருந்து இரண்டரை கிலோமீட்டர் கிழக்கே நின்றன.

வேலிப் படலைத் திறந்துகொண்டு ஒரு பெரியவர் வந்தார். கம்பத்தைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"இங்கதானுங்க சாமி நின்னுது. நாலு பக்கமும் ஸ்டே கம்பி கட்டி, மேல கிண்ணம் கிண்ணமா சுத்தும். பதினோரு மாசம் நின்னுது. வருசத்துக்குன்னு பேசி வாடகை பதினொண்ணுக்குத்தான் குடுத்தாங்க. ஒரு மாசம் பாக்கி."

எனக்குப் பொறி தட்டியது. அறிக்கையில் பன்னிரண்டு மாத அளவீடு என்று போட்டிருந்தது!

"கிண்ணமெல்லாம் நல்லாச் சுத்துச்சுங்களா அய்யா?"

"மேல்கிண்ணம் பிச்சிக்கிட்டுச் சுத்துமுங்க. அடிக்கிண்ணம் சோம்பேறி. வேலமரத்துக்குப் பின்னால கட்டிப்போட்டாங்க. மரம் ஆடுமே தவிர அது ஆடாது."

ஊர் திரும்பும்வரை எனக்கு நிலைகொள்ளவில்லை. பதினொன்றைப் பன்னிரண்டு என்று எழுதியிருக்கிறார்கள். மோசடி வாய்விட்டுப் பேசுகிறது. அன்றிரவே மனுவில் இரண்டு பத்தி சேர்த்தேன். மறுநாள் காலையில்தான் அறிக்கையின் 61ஆம் பக்கத்து அடிக்குறிப்பைப் பார்த்தேன். விடுபட்ட ஒரு மாதத்தை இன்னொரு கம்பத்தின் பதிவோடு ஒப்பிட்டு நிரப்பியிருக்கிறோம் என்று பொடி எழுத்தில் ஒழுங்காகச் சொல்லியிருந்தார்கள். அது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. ஓராண்டு அளவை நீண்டகாலப் பதிவோடு பொருத்திப் பார்க்காமல் விட்டால்தான் குற்றம். ஏனென்றால் ஒரு ஆடி போல இன்னொரு ஆடி இருப்பதில்லை. சேர்த்த இரண்டு பத்தியையும் அடித்தேன்.

சென்னையில் குறுக்கு விசாரணை. என் கட்சிக்காரர் சாட்சியாக உட்கார்ந்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட இளையவர், மெதுவாகப் பேசுவார். அந்தக் கசங்கிய தாளை அவர் தொடவே இல்லை. வங்கிக் கோப்பிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார்.

"இது உங்க கையெழுத்துதானே சார்?"

"ஆமாங்க."

"கடனுக்காக வங்கியில் நீங்க கொடுத்த திட்ட அறிக்கை. இருபத்திரண்டாம் பக்கத்தில் மூன்று கட்டம் இருக்கு. கொஞ்சம் வாசிக்கிறீங்களா?"

பி-50, பி-75, பி-90. மில்காரர் வாசித்தார். எனக்குக் காலடியில் தரை நழுவியது.

இதை விளக்க வேண்டும். காற்றுக் கணக்கில் ஒரே எண் என்பது கிடையாது. பி-50 என்றால் அந்த அளவைத் தாண்டுவதற்கும் தாண்டாமல் போவதற்கும் சமவாய்ப்பு. பூவா தலையா. பி-90 என்றால் பத்துக்கு ஒன்பது வாய்ப்பு அந்த அளவாவது கிடைத்துவிடும். இயல்பாகவே அது சிறிய எண். அளவீட்டில் எவ்வளவு சந்தேகம் இருக்கிறதோ அவ்வளவுக்கு இரண்டுக்கும் இடையில் இடைவெளி விரியும். விற்பனைத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது பி-50. வங்கி பார்த்தது கடைசிக் கட்டத்தை. தவணை கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டது அந்தச் சிறிய எண்ணை வைத்துத்தான். அதனால்தான் உற்பத்தி குறைந்தும் தவணை தவறவில்லை. வங்கி மானேஜருக்குத் தெரிந்த மூன்று எண்களும் என் கட்சிக்காரர் கையெழுத்துக்கு மேலேயே இருந்தன.

"சாதாரணக் கவனம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். பிரிவு எண்ணைக்கூடச் சொல்லவில்லை.

இரண்டாவது 17உம் அன்று போய்விட்டது. மதிப்பீட்டை மதிப்பீடு என்றே மூன்று கட்டமாக எழுதிக் கொடுத்தவரை மோசடிக்காரர் என்று எப்படி நிறுத்துவது? ரயிலில் மில்காரர் ஈரோடு வரை பேசவில்லை. பிறகு கேட்டார், "நாந்தானுங்க தப்பா?" அந்தக் கேள்வியை நானும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வங்கிக் கோப்பை முதலில் வாங்கிப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

எதிர்த்தரப்பு அதோடு நிற்கவில்லை. 2010இல் சென்னையிலுள்ள காற்றாற்றல் தொழில்நுட்ப மையம், டென்மார்க்கின் ரிசோ ஆய்வகத்தோடு சேர்ந்து வெளியிட்ட இந்தியக் காற்று வரைபடத்தைத் தாக்கல் செய்தார்கள். காற்றில்லாத இடத்தில் விற்கவில்லை, அரசு நிறுவனமே நல்ல காற்று என்று சொல்லும் பகுதி இது என்பது வாதம். வரைபடத்தை நானும் புரட்டினேன். தமிழ்நாட்டின் காற்று வளம் 50 மீட்டர் உயரத்தில் 5,374 மெகாவாட், 80 மீட்டரில் 14,152 மெகாவாட். வேடிக்கை என்னவென்றால் நாங்கள் வாதாடிக்கொண்டிருந்தபோதே மாநிலத்தில் நட்டிருந்த காற்றாலைகளின் திறன் 7,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. 'இருக்கும் வளம்' என்று முதலில் சொன்னதைவிட அதிகம்! பிற்பாடு அதே நிறுவனம் 100 மீட்டருக்குக் கணக்கிட்டபோது 33,800 மெகாவாட் அளவுக்கு வந்தது. 150 மீட்டருக்கு 95,000ஐத் தாண்டியது. இத்தனைக்கும் காற்று அதேதான். எந்த உயரம், எவ்வளவு நிலம் கிடைக்கும், எந்த இயந்திரம் என்று வைத்துக்கொள்வதைப் பொறுத்து எண் வளர்கிறது.

நடுவர் வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது மாவட்டத்துக்குச் சொல்லும். சர்வே நம்பருக்குச் சொல்லாது" என்று ஓரமாக வைத்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

இன்னொரு தடுப்பும் போட்டார்கள். அந்த ஆண்டுகளில் சீசன் உச்சத்தில் கிரிட் தாங்காது என்று காத்தாடிகளை நிறுத்தச் சொல்வது வழக்கமான புகார். உற்பத்திக் குறைவு அதனால்தான் என்றார்கள். பாதி உண்மை. காத்தாடியின் கணினிப் பதிவில் கிரிட் இல்லாமல் நின்ற மணிநேரம் தனியாக இருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் துண்டு சுருங்கியது, மறையவில்லை. நாங்கள் காட்டிய ஆதாரத்திலும் ஓட்டை. இறக்கைக்குப் பின்னால், இயந்திரத்தின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும் காற்றுமானியின் பதிவுகளை அடுக்கியிருந்தோம். இறக்கை கலக்கிவிட்ட காற்றை அளப்பது அது. அதன் எண்ணை நம்பிக் காற்று குறைவு என்று சொல்ல முடியாது. அந்தக் கணினிப் பதிவுகளுக்குச் சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் எங்கே என்றும் கேட்டார்கள். நடுவர் மன்றத்தைச் சாட்சியச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று நடுவர் அதைத் தள்ளினார். பிறகு, "நீங்க ரெண்டு பேருமே எனக்குக் காற்றைப் பத்திச் சொல்லித்தர முடியாது" என்று சொல்லி, நடுவர் சட்டத்தின் 26ஆம் பிரிவில் தனக்கிருக்கும் அதிகாரத்தில் ஒரு நிபுணரை நியமித்தார்.

வந்தவர் ஓய்வுபெற்ற பொறியாளர். இளவயதில் காடுமேடெல்லாம் அலைந்து காற்றளக்கும் கம்பம் நட்டவர். அன்னா மணியின் பேச்சு வந்தால் குரல் மாறிவிடும். பீருமேட்டில் பிறந்து, வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்ற அந்த அம்மா, ஓய்வுக்குப் பிறகு நாட்டின் காற்றை அளப்பதையே வேலையாக எடுத்துக்கொண்டவர். 1983இல் வந்த இந்தியக் காற்றுத் தரவு நூலில் அவர் பெயர் இருக்கிறது. அவர் முன்னின்று நடத்திய காற்று வள ஆய்வின் கம்பங்களைப் பார்த்துத்தான் பின்னால் முப்பந்தலும் கயத்தாறும் காத்தாடிக் காடாயின என்றார் பொறியாளர். வானிலை நிலையத்துக் காற்றுமானி மழை சொல்லவும் விமானம் இறக்கவும் வைத்தது, காத்தாடி நட அதை நம்பக்கூடாது, அந்தந்த இடத்தில் கம்பம் நட்டு அளக்க வேண்டும் என்பது அந்தத் தலைமுறை கற்றுக்கொண்ட பாடம்.

2015 ஆனி மாதம் எல்லோருமாக அந்த இடத்துக்குப் போனோம். காற்று நிற்க விடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் காகிதம் ஒன்று பறந்துபோய்ப் பெரியவரின் எருமை வாயில் மாட்டியது. பொறியாளர் கொறங்காட்டில் ஒரு மணி நேரம் நடந்தார். வேலமரத்தடியில் நின்று மேலே பார்த்தார். பிறகு வண்டியை எடுக்கச் சொல்லாமல், காத்தாடி இருக்கும் கிழக்குத் திசையில் நடக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் நாங்களும் நடந்தோம். கொறங்காடு முடிந்தது. பிறகு சோளக்காடு. பிறகு தென்னை. தோப்புக்கு மேல் தோப்பு. ஒன்றரை கிலோமீட்டருக்குத் தென்னையைத் தவிர வேறொன்றுமில்லை.

அவர் அறிக்கை ஒன்பது பக்கம். அதில் யார் மீதும் குற்றமில்லை. 10 மீட்டர் உயரத்துக் கிண்ணம் வேலமரத்தின் மறைவில் இருந்திருக்கிறது. அது மெதுவாகச் சுற்றியதால் அடியில் வீசும் காற்றுக்கும் உயரத்தில் வீசும் காற்றுக்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரிந்தது. அடுக்கெண் 0.2 என்று வந்துவிட்டது. 10 மீட்டர் கிண்ணத்தை ஒதுக்கிவிட்டு 30க்கும் 50க்கும் இடையில் மட்டும் பார்த்தால் 0.12தான். 50லிருந்து 80 மீட்டருக்கு ஏறும்போது இந்த வித்தியாசம் வேகத்தில் 4 சதவீதம்கூட வராது. ஆற்றலில் ஏறத்தாழ 12. பெரியவர் சொன்ன சோம்பேறிக் கிண்ணம் இப்படித்தான் லட்சங்களைத் தின்றிருக்கிறது.

அடுத்த பத்தி தென்னையைப் பற்றி. ஒரு மரம் எண்பது மீட்டர் காற்றை மறிக்காது. ஆனால் மொட்டைப் புல்தரை மேல் வழுக்கிக்கொண்டு வரும் காற்று, கிலோமீட்டர் கணக்கில் தோப்பு மேல் உரசிக்கொண்டு போகும்போது அடியிலிருந்து தளர்கிறது. அந்தத் தளர்ச்சி போகப்போக உயரத்துக்கு ஏறுகிறது. கொறங்காட்டில் அளந்த காற்று தோப்புக்கு அப்பால் நிற்கும் காத்தாடிக்குப் போய்ச் சேரும்போது அதே காற்றாக இருக்காது. மேற்கே தென்னை, ஆகவே குற்றவாளி தென்னை என்ற மில்காரரின் முதல் நாள் புலன்விசாரணை பெருமளவுக்குச் சரிதான். ஒரே ஒரு திருத்தம். பக்கத்துக்காரரின் இரண்டு வரிசை மரமல்ல, ஊரே தோப்பு. அதுவும் அவர் வாங்குவதற்கு முன்பே காய்த்துக்கொண்டிருந்த தோப்பு.

கடைசியில் ஒரு வரி. 'திட்டத்தின் முதல் இட வரைபடத்தில் நான்கில் மூன்று காத்தாடிகள் கொறங்காட்டை ஒட்டிக் குறிக்கப்பட்டிருந்தன என்பதைக் கவனிக்கிறேன்.'

ஒப்பந்தத்தை மறுபடி எடுத்தேன். இணைப்பு 4. நான் பத்துத் தடவையாவது புரட்டிப்போன பக்கம். அதில் நான்கு இடங்களின் சர்வே எண்கள். மூன்று எண்கள் பூமிப் பத்திரத்தில் இருக்கும் எண்களோடு ஒத்துப்போகவில்லை. முதலில் பேசிய பூமி கைகூடாமல் போயிருக்கிறது. மார்ச் 31 நெருங்குகிறது. கிடைத்த பூமியை வாங்கிக் கிழக்கே தள்ளி நட்டுவிட்டார்கள். இணைப்பின் அடியில் இருந்த ஷரத்து, ஓர் இடத்தை மாற்றினாலும் மாற்றிய இடத்துக்கு உற்பத்திக் கணக்கைத் திருத்திப் போட்டு வாங்குபவரின் எழுத்துச் சம்மதம் பெற வேண்டும் என்றது. திருத்திய கணக்கு போடவே இல்லை. வங்கிக்குப் போன மூன்று கட்டமும் பழைய இடத்துக்கான கட்டம்.

மோசடியும் இல்லை, தவறான தகவலும் இல்லை. வெறும் ஒப்பந்த மீறல். சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷ மாணவன் முதலில் பார்த்திருக்க வேண்டியது.

மாற்றிய பூமிக்குப் பத்திரம் பதிந்து வாங்கிக்கொண்டவர் மில்காரர்தானே, அதுவே சம்மதம் என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். காத்தாடிகளுக்கு இடையே விடவேண்டிய இடைவெளி, அதாவது காற்றுக்குக் குறுக்கே இறக்கை விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, காற்றின் போக்கில் ஏழு மடங்கு என்ற விதியையும் மீறவில்லை என்றார். நடுவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "பூமிக்குச் சம்மதம் கொடுத்திருக்கார். கணக்குக்குக் கொடுக்கலை. இடைவெளி விதி ஒரு காத்தாடி இன்னொரு காத்தாடியோட காற்றைத் திருடாம இருக்க. தென்னைக்கு அது என்ன செய்யும்?" என்று கேட்டார்.

அன்று மாலையே சமரசப் பேச்சு தொடங்கியது. இழுத்துப்பிடித்து நாலைந்து மாதம். நாங்கள் கேட்ட நஷ்டஈடு எங்கே, கிடைத்தது எங்கே! ஒரு தொகை ரொக்கமாக. அது போக, சில ஆண்டுகளுக்குப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. அடுக்கெண் பிழைக்கும் காற்றின் வருஷாவருஷ ஏற்ற இறக்கத்துக்கும் ஒரு ரூபாயும் இல்லை. இடம் மாறியதற்கு மட்டும்தான். 2016இல் நடுவர் சட்டத்தின் 30ஆம் பிரிவின்படி சமரசம் தீர்ப்பாகப் பதிவானது. கையெழுத்துப் போடும்போது மில்காரர் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் போட்டார். நாற்பது நிமிஷம் ஆயிற்று. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

திரும்பும் வழியில் கொறங்காட்டுப் பெரியவரைப் பார்க்கப் போனேன். அவர் வழக்கில் கட்சிக்காரரல்ல, நாங்கள் சாட்சியாகவும் அழைக்கவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று தோன்றியது. விவரமெல்லாம் கேட்டுக்கொண்டார்.

"நம்ம ஒரு மாச வாடகை என்னாச்சுங்க சாமி?"

கோவை வந்ததும் அந்த நிறுவனத்துக்கு என் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் எழுதினேன். பத்தாம் நாள் பணம் வந்தது. கொண்டுபோய்க் கொடுத்தபோது எண்ணிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டார். ஸ்டே கம்பி கட்டுவதற்காகப் புதைத்த கான்கிரீட் கட்டைகளையும் பேர்த்துப் போடச் சொல்லி இன்னொரு கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். மேற்குப் பக்கத்துக் கட்டையின் இரும்பு வளையத்தில் ஒரு மயிலைக் கிடாரி கட்டியிருந்தது.